பிளாக்பள்ளி சாமியார் போட்ட கணக்கு

ஒரு கத்தோலிக்கச் சாமியார், 25 வருஷ ஊழியத்துக்கு அப்புறம் தன் வாழ்க்கையைத் தானே கூட்டிப் பார்க்கிறார். ஆணும் பெண்ணுமாக மொத்தம் 200லிருந்து 300 பேரைத்தான் மனந்திருப்பினேன், அதில் மூன்றில் இரண்டு பங்கு பறையர்களும் பிச்சைக்காரர்களும், மிச்சப் பேர் பெரும்பாலும் கல்யாண சம்பந்தத்துக்காகவோ வேறு ஆதாயத்துக்காகவோ வந்தவர்கள் என்று எழுதுகிறார். எழுதி வைத்துப் பெட்டியில் பூட்டவும் இல்லை, 1823-ல் லண்டனில் அச்சுப் போட்டு உலகத்துக்கே சொல்லிவிட்டார். இந்துக்களைக் கிறிஸ்தவர்களாக்குவது நடக்காத காரியம் என்பதுதான் அந்தப் புத்தகத்தின் சாரம். ஒரு வேதபோதகர் இப்படி எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள், ஆனதைப் பிறகு சொல்கிறேன்.

அவர் பூசை வைத்த இடங்களில் ஒன்று நம்ம பெங்களூர் சிவாஜிநகர். செப்டம்பர் 8ஆம் தேதி சாயங்காலம் அந்தப் பக்கம் ஆட்டோவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் கூட்டத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. காவிச் சேலை, காவி வேட்டி, மெழுகில் செய்த கை கால் பொம்மைகள், ரஸ்ஸல் மார்க்கெட் வரைக்கும் பூக்கடை, நடுவில் சேலை கட்டிய மாதா தேரில் வருவாள். கும்பிடுகிறவர்களில் நிறையப் பேர் கிறிஸ்தவர்கள் இல்லை. எங்கள் வீட்டிலேயே பாட்டி ஆடியில் தண்டு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவாள், செப்டம்பரில் மாதா கோயில் கொடியேற்றத்துக்கும் போவாள், இரண்டுக்கும் நடுவில் அவளுக்கு எந்தச் சங்கடமும் இருந்ததில்லை. 200, 300 என்று எண்ணிச் சலித்துப் போன அந்த மனிதரை எனக்கு ஞாபகப்படுத்துவது எப்போதும் இந்தக் கூட்டம்தான். அவர் எதை எண்ணினார், எதை எண்ணாமல் விட்டார் என்பதுதான் இந்தக் கட்டுரை.

பேர் ழான் அந்துவான் துபுவா. அபே துபுவா என்றால் வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும். அபே என்பது பேரில் சேர்த்தி இல்லை, பிரெஞ்சுக்காரர்கள் சாமியாரைக் கூப்பிடும் மரியாதைச் சொல். மைசூர் நாட்டு ஜனங்கள் வைத்த பேர் தொட்ட சுவாமி. இந்தத் 'தொட்ட'வைத் தமிழில் வாசித்துவிடாதீர்கள், இது தொட்டபெட்டாவில் வரும் தொட்ட, கன்னடத்தில் பெரிய என்று அர்த்தம். நம்ம பேச்சில் சொன்னால் பெரிய சாமியார்.

1766-ல் தெற்கு பிரான்சில் விவாரே என்கிற மலைப் பக்கத்தில் பிறந்தவர். 1792-ல் குருப்பட்டம் வாங்கினார், அதே வருஷம் கப்பல் ஏறிவிட்டார். 1792 பிரான்சில் சாமியாராக இருப்பதற்கு நல்ல வருஷம் இல்லை. புரட்சி அரசாங்கத்துக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்காத குருமாரை நாடு கடத்திக்கொண்டிருந்தார்கள், செப்டம்பரில் பாரிஸ் சிறைகளில் நிறையப் பேரை வெட்டியே போட்டார்கள். அவரை அனுப்பியது பாரிஸ் வேதபோதக சபை. ஏசு சபையைப் போப்பாண்டவர் 1773-ல் கலைத்துவிட்டதால், அவர்கள் புதுச்சேரியில் இருந்துகொண்டு பார்த்துவந்த தமிழ், கன்னட, தெலுங்குப் பங்குகள் எல்லாம் இந்தச் சபையின் தலையில் விழுந்திருந்தன. ஆட்கள் குறைவு, பரப்பு பெரிது. 26 வயதில் வந்தவர் 57 வயதில்தான் இந்த மண்ணை விட்டுப் போனார்.

முதல் சில வருஷம் தமிழ் ஜில்லாக்களில் சுற்றினார். ஐரோப்பியர்களோடு சேர்ந்து இருப்பதை முடிந்தவரை தவிர்த்தார். அங்கியும் தலைப்பாகையும் தாடியும் கையில் கோலுமாக ஊர் ஊராக நடந்தார், இங்கத்தி ஆட்கள் சாப்பிடுவதைச் சாப்பிட்டார், அவர்கள் அருவருக்கிற பழக்கங்களை விட்டார். தாமஸ் ஹிக்கி என்ற ஓவியர் அவரை அந்தக் கோலத்திலேயே வரைந்திருக்கிறார், பார்த்தால் பிரெஞ்சுக்காரர் என்று சொல்ல மாட்டீர்கள். இது புது யுக்தி இல்லை. மதுரையில் 1600களிலேயே தத்துவ போதகர் என்ற ராபர்ட் டி நொபிலி காவி கட்டிக் காட்டிய வழி, அப்புறம் வீரமாமுனிவரும் அந்த வழியில்தான் போனார். துபுவா அந்த வரிசையில் கடைசிப் பக்கம் வருகிறவர்.

1799 மே 4ஆம் தேதி சீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு கோட்டையிலேயே இறந்தார். அங்கே கிறிஸ்தவர்களின் நிலை சிக்கலானது. மங்களூர்ப் போரில் ஆங்கிலேயருக்கு உதவினார்கள் என்று சொல்லி, 1784-ல் தென் கனராவின் கிறிஸ்தவர்களைத் திப்பு கூட்டம் கூட்டமாகப் பிடித்துச் சீரங்கப்பட்டணத்துக்கு நடத்திக்கொண்டு போயிருந்தார். வழியில் செத்தவர்கள் உண்டு, சுன்னத் செய்து மதம் மாற்றப்பட்டவர்கள் உண்டு, படையில் சேர்க்கப்பட்டவர்கள் உண்டு. திப்பு போனதும் மிச்சம் இருந்தவர்களுக்குத் தாங்கள் யார் என்பதே குழப்பம். வீடு போச்சு, நிலம் போச்சு, குடும்பம் சிதறிப் போச்சு. இவர்களை மறுபடி சேர்க்கத்தான் துபுவாவைக் கூப்பிட்டார்கள், கூப்பிடச் சொன்னவர் கோட்டையின் பொறுப்பில் அப்போது இருந்த கர்னல் ஆர்தர் வெல்லஸ்லி என்கிறார்கள், பின்னாளில் நெப்போலியனை வாட்டர்லூவில் தோற்கடித்த அதே ஆள்.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த ஒரு சம்பவம் வெல்லஸ்லியின் கடிதங்களில் இருக்கிறது. துபுவா அவரிடம் ஒரு மனு கொண்டுபோனார். திப்பு கனராவிலிருந்து பிடித்துவந்து அரண்மனையில் சேர்த்த கிறிஸ்தவப் பெண்கள் சுமார் 200 பேர், அவர்களைப் புருஷன்மாரிடமே திருப்பி அனுப்புங்கள் என்று கேட்டார். வெல்லஸ்லி முடியாது என்று சொல்லிவிட்டார். திப்புவின் குடும்பத்துக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது, அந்தக் குடும்பத்துக்கு ஊர் பார்க்க அவமானம் வரும்படி எதுவும் செய்யக் கூடாது என்பது அவர் சொன்ன காரணம். இதில் வேடிக்கை, மறுப்பது அநியாயம்தான் என்று அதே கடிதத்தில் அவரே ஒப்புக்கொள்கிறார்.

மனு தோற்றது, சரி. ஆனால் சாமியாரின் வேலை என்ன என்பதை அது காட்டிவிடுகிறது. சிதறிப் போன ஒரு கூட்டத்துக்கு ஊர்த் தலைவர் இல்லை, நாட்டாண்மை இல்லை, சர்க்காரோடு பேச ஆள் இல்லை. பாஷை தெரிந்த, துரைமாரின் வாசலில் நிற்க முடிந்த, அதே சமயம் குடிசைக்குள்ளும் குனிந்து நுழைகிற ஒரே ஆள் இவர். பூசை அவர் வேலையில் ஒரு பகுதி மட்டும்.

பெங்களூர்த் தமிழர்களுக்கு இது புரியும். பிளாக்பள்ளி என்று பழைய ஆட்கள் சொல்லும் சிவாஜிநகர்ப் பகுதிக்குச் செஞ்சிப் பக்கத்திலிருந்து தமிழ்க் கிறிஸ்தவர்கள் வந்து குடியேறினார்கள் என்பதும், அவர்கள் நெல் விளைவித்ததால் பிளி அக்கி பள்ளி, அதாவது வெள்ளை அரிசி ஊர் என்று அதற்குப் பேர் வந்தது என்பதும் கோயில் வரலாறாகச் சொல்லப்படுகிறது. கூரை போட்ட சின்னக் கோயில் ஒன்றைக் கட்டி அதற்குக் காணிக்கை மாதா கோயில் என்று பேரும் வைத்திருந்தார்கள். துபுவா சீரங்கப்பட்டணத்திலிருந்து வந்து அங்கே பூசை வைத்தார், 1803-ல் ஒரு கோயில் எழுப்பினார், 1813-ல் அது கொஞ்சம் பெரிதானது. கவனியுங்கள், ஆங்கிலேயர் சீரங்கப்பட்டணத்துக் காய்ச்சலுக்குப் பயந்து படையைப் பெங்களூருக்கு மாற்றி கன்டோன்மென்ட்டை அமைத்தது 1809 வாக்கில்தான். தண்டு, அதாவது இந்தப் படைமுகாம், வந்த பிறகு தமிழர் வந்தார்கள் என்று நாம் பொதுவாகச் சொல்லும் கதைக்கு முன்னாலேயே இங்கே ஒரு தமிழ்க் கோயில் இருந்திருக்கிறது.

தண்டு வந்ததும் வெள்ளம் மாதிரி ஆட்கள் வந்தார்கள். சென்னைப் படையின் சிப்பாய்கள், சமையற்காரர், குதிரை பார்க்கிறவர், தையற்காரர், காண்ட்ராக்டர், வட ஆற்காட்டிலிருந்தும் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்தும் கடை போட வந்த முதலியார், செட்டியார், பிள்ளைமார். சொந்த ஊரில் இருந்தால் பெரியவர், பங்காளி, பண்ணையார் என்று ஆயிரம் பிடிமானம் இருக்கும். இங்கே? இந்துக்களுக்கு அல்சூர் சோமேஸ்வரர் கோயிலும் சாதிச் சங்கமும். கிறிஸ்தவர்களுக்குச் சாமியார் பங்களா.

இன்றைக்கும் இது முழுசாகப் போய்விடவில்லை. என் பள்ளிக்கூடச் சிநேகிதன் ஒருவன், மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கிற குடும்பம், ஒரு அலுவலகத்தில் பூர்வீகத்துக்கு ஆதாரம் கேட்டபோது கடைசியில் கொண்டுபோய்க் கொடுத்தது தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவேட்டின் நகலைத்தான். அதற்கு முன்னால் அந்த அலுவலகத்தில் அவனை ஆறு தடவை அலையவிட்டிருந்தார்கள். சாமியார் பங்களாவில் அரை மணி நேரம். ஸ்கூல் சீட்டுக்குச் சிபாரிசு, குடித்துவிட்டு அடிக்கிற புருஷனைக் கூப்பிட்டுக் கண்டிப்பது, கல்லறையில் இடம், போலீஸ் ஸ்டேஷனில் இருந்து பையனைக் கூட்டிவருவது, சீட்டுப் பணச் சண்டை, எல்லாம் பங்குச் சாமியாரிடம்தான் வரும். நல்ல சாமியார் என்று எங்கள் தெருவில் யாரையாவது சொன்னால் அவர் பிரசங்கம் நன்றாக இருக்கும் என்று யாரும் நினைக்க மாட்டார்கள், கூப்பிட்டால் வருவார் என்று அர்த்தம். (பூசை எந்த மொழியில் என்பதற்கு இந்த ஊர்க் கோயில்களில் நடந்த சண்டைகள் தனிக் கட்டுரைக்கு ஆகும், இப்போது வேண்டாம்.)

துபுவாவின் கதையில் கூப்பிட்டால் வருகிற இந்தக் குணம் எங்கே பெரிதாகத் தெரிகிறது என்றால், அம்மையில்.

பெரியம்மையைப் பார்த்த தலைமுறை இப்போது குறைந்துவிட்டது. இந்தியாவில் கடைசி நோயாளி 1975-ல், உலகத்திலிருந்தே ஒழிந்தது என்று அறிவித்தது 1980-ல். 1800 வாக்கில் அது வந்தால் மூன்று நான்கு பேரில் ஒருவர் போவார், பிழைத்தவர்களுக்குக் கண் போகலாம், முகத்தில் தழும்பு நிச்சயம். வைத்தியம் கிடையாது. வேப்பிலை கட்டி, அம்மா வந்திருக்கிறாள் என்று சொல்லி, தாளிக்காமல் சமைத்து, தண்ணீர் ஊற்றும் நாள் வரைக்கும் காத்திருப்பார்கள். இதை மூடநம்பிக்கை என்று சட்டென்று ஒதுக்க எனக்கு மனம் வராது. நோயாளியைத் தனியாக வைப்பது, வெளியாள் வராமல் பார்ப்பது, உடம்பைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்வது எல்லாம் அதற்குள்ளேயே இருந்தது. ஆனால் அம்மனாக வந்தவளை ஊசியால் குத்தி விரட்டுவது என்றால்? அங்கேதான் மோதல்.

இங்கிலாந்து டாக்டர் ஜென்னர் கண்டுபிடித்த பசு அம்மைப்பால், அதாவது பெரியம்மைத் தடுப்பு மருந்து, இந்தியாவுக்கு வந்ததே பெரிய கதை. கப்பலில் அனுப்பியது வெயிலில் வீணாகிப் போனது. கடைசியில் வியன்னா, கான்ஸ்டான்டிநோபிள், பாக்தாத், பாஸ்ரா என்று கை மாற்றிக் கை மாற்றி பம்பாய் வந்து சேர்ந்தது. 1802 ஜூன் 14 அன்று அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்குக் குத்தினார்கள், அதுதான் இந்தியாவில் முதல் அம்மை குத்தல். அந்தக் காலத்தில் குளிர்பதனப் பெட்டி கிடையாது, மருந்தைப் பாட்டிலில் வைக்க முடியாது. மருந்து இருந்த இடம் குழந்தைகளின் கைதான். ஒரு குழந்தைக்குக் குத்தினால் ஏழு எட்டு நாளில் கொப்புளம் எழும், அதிலிருந்து நீர் எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்த வேண்டும், அதன் கையிலிருந்து அடுத்ததற்கு. ஒரு வாரம் ஆள் கிடைக்காவிட்டால் சங்கிலி அறுந்தது, மறுபடி தூரத்து ஊரிலிருந்து குத்திய குழந்தையைக் கூட்டிவர வேண்டும்.

இதை நம் ஊர்ச் சாதி அமைப்பில் வைத்துப் பாருங்கள். யாருடைய கையிலிருந்து யாருடைய கைக்கு? சேரிக் குழந்தையின் கொப்புளத்து நீர் அக்ரகாரத்துக் கைக்குப் போகுமா? பசுவிடமிருந்து வந்தது, புண்ணியம்தானே என்று சொன்னால் மக்கள் ஏற்பார்கள் என்று சில துரைமார் நினைத்தார்கள். திருக்குறளில் ஊறிய எல்லீஸ் துரை, அம்மைப்பாலே அம்மன் கொடுத்த வரம் என்கிற மாதிரி ஒரு கதையைக்கூட எழுதிப் பார்த்தார். மைசூர் அரண்மனையும் இறங்கியது. 1805 வாக்கில் அதே தாமஸ் ஹிக்கி வரைந்த மூன்று அரசிகளின் ஓவியம் ஒன்று உண்டு, அதில் ஒருத்தி சேலைத் தலைப்பை விலக்கிக் கையைத் தொட்டுக் காட்டுகிறாள். அது அம்மை குத்திக்கொண்ட இடம், ஜனங்களைச் சம்மதிக்க வைப்பதற்காக வரைந்த படம் என்று வரலாற்று ஆய்வாளர்கள் வாசிக்கிறார்கள்.

துபுவா இந்த வேலையில் 1803, 1804-ல் இறங்கினார். எட்டே மாதத்தில் 25 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அம்மை குத்திப் பதிவு செய்யப்பட்டது. திரும்பப் படியுங்கள். கால் நூற்றாண்டு ஊழியத்தில் 200, 300 என்று எழுதியவர், எட்டு மாதத்தில் 25 ஆயிரம் கைகள். கம்பெனி டாக்டர் சிவப்புக் கோட்டுடன் ஊருக்குள் வந்தால் வரி போட வந்தான், படைக்கு ஆள் பிடிக்க வந்தான் என்று ஜனங்கள் காட்டுக்குள் ஓடுவார்கள். இவர் முன்பே அந்த வழியாக நடந்து போனவர், அவர்கள் பாஷையில் பேசுகிறவர், சாவு வீட்டுக்கும் வந்தவர். குழந்தையின் கையை நீட்டு என்று ஒரு அந்நியன் சொன்னால் எந்தத் தாயும் நீட்ட மாட்டாள், அது இன்றைக்கும் அப்படித்தான். போலியோ சொட்டு மருந்துக்கு வீடு வீடாகப் போன அங்கன்வாடி அக்காக்களைக் கேளுங்கள், சில தெருக்களில் பள்ளிவாசல் இமாமோ பங்குச் சாமியாரோ கூட வந்து நின்ற பிறகுதான் கதவு திறந்தது என்பார்கள். அறிவியல் சரியாக இருப்பது ஒன்று, கதவு திறப்பது வேறொன்று.

அம்மைக்கு அடுத்தது நிலம். பிழைப்புக்கு வழியில்லாத கிறிஸ்தவக் குடும்பங்களுக்காக ஹாசன் பக்கம் சத்தள்ளி போன்ற இடங்களில் விவசாயக் குடியிருப்புகளை ஏற்படுத்தினார். இதையொட்டி ஒரு திருத்தம். கோரூர் அணைத் தண்ணீரில் மழைக்காலத்தில் பாதி முழுகி நிற்குமே, ஷெட்டிஹள்ளி இடிந்த கோயில், அதை 1860களில் துபுவா கட்டினார் என்று இணையத்தில் அங்கங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. 1860-ல் அவர் செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. சீரங்கப்பட்டணத்தில் காவிரிக் கரையில் இருக்கும் சின்னக் கோயில் அவர் கட்டியது, போகிறவர்கள் அதைப் பாருங்கள்.

இதுவரைக்கும் படித்தால் அவரை மகான் ஆக்கப் போகிறேன் என்று தோன்றும். இல்லை. இவர் பேரை உலகம் முழுக்கத் தெரியவைத்த புத்தகம் இருக்கிறதே, இந்து மக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றியது, அதன் கையெழுத்துப் பிரதியை 1806-ல் மைசூரில் கம்பெனியின் பிரதிநிதியாக, அதாவது ரெசிடெண்டாக இருந்த மார்க் வில்க்ஸிடம் கொடுத்தார். மறுவருஷம் சென்னை கவர்னர் பெண்டிங்க் பிரபு கம்பெனிக்காக அதை 2,000 நட்சத்திர வராகனுக்கு வாங்கினார். ஒரு வராகன் மூன்றரை ரூபாய் கணக்கில் 7,000 ரூபாய், அந்தக் காலத்தில் பெரிய காசு. 1816-ல் ஆங்கிலத்தில் வந்தது. அடுத்த நூறு வருஷம் இந்தியாவுக்கு வேலைக்கு வரும் துரைகளுக்கு அது கிட்டத்தட்டப் பாடப் புத்தகம்.

1987-ல் சில்வியா முர் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் ஒரு விஷயத்தை வெளியே கொண்டுவந்தார். அந்தப் புத்தகத்தின் பெரும்பகுதி, துபுவா இந்தியாவுக்கு வருவதற்கு முன்பே செத்துப்போன கேர்து என்ற ஏசு சபைச் சாமியாரின் கையெழுத்துப் பிரதியிலிருந்து எடுத்தது. இந்தக் கேர்து சமஸ்கிருதத்துக்கும் லத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உறவு இருக்கிறது என்று வில்லியம் ஜோன்ஸுக்கு முன்னாலேயே பாரிசுக்கு எழுதிப் போட்டவர், அதற்கும் பேர் கிடைக்கவில்லை, இதற்கும் கிடைக்கவில்லை. பாவம், சில பேர் ஜாதகம் அப்படி. துபுவா அவர் பேரைச் சொல்லவே இல்லை. 31 வருஷம் கிராமம் கிராமமாகப் பார்த்த ஒரு மனிதர், தான் பார்த்ததை மட்டும் எழுதியிருந்தாலே போதுமே என்பது என் ஆதங்கம்.

அதைவிட உறுத்துவது சாதி. சாதிப் பிரிவினைதான் இந்துச் சட்டம் வகுத்தவர்களின் தலைசிறந்த படைப்பு, அது இல்லாவிட்டால் இந்த நாடு காட்டுமிராண்டித்தனத்தில் விழுந்திருக்கும் என்று எழுதினார். சொல்வது யார்? தன்னிடம் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பறையர்களும் பிச்சைக்காரர்களும் என்று கணக்குச் சொன்னவர். அவர்கள் வீட்டில் ஞானஸ்நானம் கொடுத்து, அவர்கள் பிள்ளைகளின் கையில் அம்மை குத்தி, அவர்கள் சவத்தை மண்ணில் இறக்கிவிட்டு, இரவில் விளக்கைத் தூண்டிக்கொண்டு இதை எழுதியிருக்கிறார். அந்த 200, 300 பேர் கணக்கில் இருக்கும் சலிப்பும் இங்கேயிருந்துதான் வருகிறது. பிராமணர் யாரும் வரவில்லையே, வந்தவர்கள் எல்லாம் இல்லாதவர்கள்தானே என்கிற சலிப்பு. இல்லாதவன் ஆதாயம் தேடி வந்தான் என்கிறார். நிலமும் சாவுக்கு நாலு பேரும் பெண்ணுக்கு மாப்பிள்ளையும் தேடி வருவதை வேறு எப்படித்தான் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, எங்கள் தாத்தா வேலூரிலிருந்து பெங்களூர் வந்ததும் அதே மூன்றுக்காகத்தான்.

200, 300 பேர் கணக்கு வந்த அந்த 1823 புத்தகம், கடிதங்களாக எழுதியது, வெளிவந்ததும் இங்கிலாந்தில் சண்டை கிளம்பியது. மிஷன்களுக்குக் காசு கொடுக்கிறவர்கள் அங்கேதான் இருந்தார்கள், 30 வருஷம் இருந்த ஒருவரே முடியாது என்றால் யார் கொடுப்பார்கள்? அடுத்த வருஷமே மறுப்புப் புத்தகம் எழுதியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஹஃப். நெல்லைக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும், பாளையங்கோட்டையில் படைக் குருவாக இருந்து திருநெல்வேலித் திருச்சபையை மறுபடி தூக்கி நிறுத்தியவர். இவர் சீர்திருத்தச் சபை, அவர் கத்தோலிக்கர், ஏற்கெனவே ஆகாது. அதோடு ஹஃப்புக்குச் சொல்ல ஊர்களும் பள்ளிக்கூடங்களும் இருந்தன. முடியாது என்று துபுவா எழுதிய அதே காலத்தில் திருநெல்வேலியில் ஊர் ஊராகச் சேர ஆரம்பித்திருந்தார்கள், அங்கேயும் பெரும்பாலும் இல்லாதவர்கள்தான்.

துபுவா 1823 ஜனவரியில் கப்பல் ஏறினார். கம்பெனி பயணச் செலவும் ஓய்வூதியமும் கொடுத்தது. பாரிஸ் போய்த் தன் சபையின் குருமடத்திலேயே தங்கி, 1836லிருந்து 1839 வரை சபைக்குத் தலைவராகவும் இருந்து, 1848-ல் 82 வயதில் இறந்தார். திரும்பி வரவே இல்லை. ஆனால் இங்கிருந்து எதை மூட்டை கட்டிக்கொண்டு போனார் என்பதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. 1826-ல் பாரிசில் பஞ்சதந்திரக் கதைகளைப் பிரெஞ்சில் வெளியிட்டார், அதோடு சேர்த்து வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையையும். ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையை வைத்துப் பார்த்த அதே குருவும் சீடர்களும்தான். தன் ஊழியமே வீண் என்று எழுதிய மூன்றாவது வருஷம், ஆற்றைக் கடந்த பின் தன்னை விட்டுவிட்டு ஆள் எண்ணி, ஒருவன் குறைகிறான் என்று அழுகிற முட்டாள் சீடர்களின் கதையை மொழிபெயர்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

சிவாஜிநகரில் அவர் கட்டிய சின்னக் கோயில் இப்போது இல்லை. கிளைனர் என்ற பங்குச் சாமியார் 1875-ல் வேலை ஆரம்பித்து, 1882 செப்டம்பர் 8-ல் இன்று நாம் பார்க்கும் உயர்ந்த கோபுரக் கோயில் அபிஷேகம் ஆனது. 1898-ல் பெங்களூரில் பிளேக் வந்தது, ஊரே காலியானபோது தங்கியவர்கள் ஆரோக்கிய மாதாவிடம் ஓடினார்கள். 1974-ல் பசிலிக்கா என்ற பட்டம். காணிக்கை மாதா என்ற பழைய பேர் ஒன்றிரண்டு வயதானவர்களின் வாயில்தான் இப்போது வருகிறது.

போன வருஷம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு தேர் பார்க்கப் போனேன். கூட்டத்தில் முன்னால் நின்ற அம்மாள் குழந்தையைத் தேருக்கு எட்டத் தூக்கச் சிரமப்பட்டாள், அம்மா வாங்கித் தூக்கினாள். சட்டைக் கை மேலே ஏறியபோது அம்மாவின் இடது தோளுக்குக் கீழே இரண்டு வட்டத் தழும்பு தெரிந்தது, பழைய நாலணா அளவு. சின்ன வயதில் முனிசிபாலிட்டிக்காரர்கள் தெருவில் வரிசையாக நிறுத்திக் குத்தினார்களாம், பாட்டி அன்றைக்கும் மாரியம்மனுக்கு ஒரு ரூபாய் முடிந்து வைத்துவிட்டுத்தான் கையை நீட்டச் சொன்னாளாம்.